மரத்துக்கு எதுக்குப் பவுடர்

நேற்று உன் சவப்பெட்டியருகே நின்றபோது, சர்ச்சிலிருந்து வந்த பெண் உன் முகத்துக்குப் பவுடர் பூச ஆரம்பித்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் மகள் பார்த்த பார்வை இருக்கிறதே, பாதிரியார் மட்டும் அங்கே இல்லாவிட்டால் என்னை வெளியே அனுப்பியிருப்பாள். அவளிடம் எப்படிச் சொல்வேன், நீ ஒருகாலத்தில் ரப்பர் மரமாக இருந்தாய் என்று.

எழுபதுகளின் நடுவில் ஒரு சுதந்திர தினம். மலேசியாவின் கோலா கெத்தில் நகர ஊர்வலத்துக்கு நம் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியும் ஓர் அலங்கார லாரி அனுப்ப வேண்டும். அதில் மலாய், சீனர், இந்தியர் என மூன்று இனமும் கைகோத்து நிற்க வேண்டும். பள்ளியில் இருந்ததோ தமிழ்ப் பிள்ளைகள் நாம் மட்டும்தான். டீச்சர் நிறம் பார்த்து நாட்டைப் பிரித்தார். கொஞ்சம் வெளுத்திருந்த நான், ஒரு டின் பவுடரும் காகித விசிறியுமாகச் சீனப்பெண் ஆனேன். மாநிறத்துக்காரி ஒருத்திக்கு பாஜு கூரோங் உடுத்தி மலாய்ப்பெண் ஆக்கினார். இந்தியப் பெண் யார் என்பதில் போட்டியே இல்லை, தோட்டத்து ஆபீஸ் பெரிய கிராணியின் மகள்தான். பட்டுச் சேலை அவர்கள் வீட்டில்தான் இருந்தது.

நீயோ உன் அம்மாவின் கல்யாணச் சேலையைப் பையில் மடித்து எடுத்து வந்திருந்தாய். "நாந்தான் இந்தியா" என்று நம் லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தாய். டீச்சர் உன்னை மேலும் கீழும் பார்த்தார். உடம்பெல்லாம் இலை கட்டி, கையைத் தூக்கச் சொல்லி, லாரியின் பின்னால் மரமாக நிறுத்திவிட்டார்.

"டீச்சர், எனக்கும் கொஞ்சம் பவுடர் போடுங்க."

"மரத்துக்கு எதுக்குமா பவுடரு?"

நீ அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

திடலில் லாரி நின்றதும் விருந்தினராக வந்த, டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் சுற்றி வந்தார். எங்கள் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்து, இன்ன இனம் என்று தலையாட்டினார். உன்னிடம் வந்ததும் விளையாட்டாக, "யாங் இனி பங்சா அபா?" என்றார், இது என்ன இனமாம்.

டீச்சர் வாய் திறப்பதற்குள் மரம் பேசிவிட்டது. "ஓராங் சினி, டத்தோ."

இந்த ஊர்க்காரி. டத்தோ குலுங்கிச் சிரித்து, மரத்தோடு மட்டும் படம் எடுத்துக்கொண்டார். பாவம், கிராணி வீட்டுப் பட்டுச் சேலை படத்தின் ஓரத்தில்கூட விழவில்லை.

திரும்பும் வழியில் நீ இலைகளைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே, "கை வலிக்குதுடி. ஆனா நான் சொன்னது சரிதானே?" என்று கேட்டாய். என் வாய் நிறைய ஐஸ் கச்சாங். பதில் சொல்வதற்குள் லயம் வந்துவிட்டது.

இப்போதும் டாக்சிக்காரர் யாராவது, பூர்வீகம் இந்தியாவா என்று என்னைக் கேட்பதுண்டு. உன் இரண்டு வார்த்தையைத்தான் சொல்கிறேன். கை மட்டும் தானாக மேலே போகப் பார்க்கிறது.

நேற்று அந்தப் பெண் நகர்ந்ததும், என் முந்தானையால் உன் நெற்றியில் திட்டாயிருந்த பவுடரைத் துடைத்துவிட்டு, குனிந்து உன் காதில் சொன்னேன்.

சரிதான்டி.