இளவரசி தாழையின் முடிச்சு மாதம்

“குதிரைக்கு வைக்கிறதைக் கொண்டுவந்து எனக்கு—”

“ஐயா, அது கொள்ளுக் கஞ்சி, எங்க ராசாவும் அதைத்தான்—”

“—கிண்ணத்துல ஊத்துறியே, என்னைப் பார்த்தா உனக்கு எப்படித் தெரியுது?”

“—குடிக்கிறாரு! அங்க பாருங்க, ரெண்டாந்தரம் கேட்டு வாங்குறாரு!”

ஓலையின் தலையில் வாழ்த்து நிற்பதே முறை. எம் பந்தியில் முந்திக்கொண்ட சச்சரவு ஓலையிலும் முந்திக்கொண்டது. மேல்குன்ற நாட்டின் காவலரும், இரும்பு சுரக்கும் மலைகளுக்கு உடையவருமான பெருஞ்சேந்த மன்னர் பொறுத்தருள்க. தங்கள் முகடுகளில் மழை பிழையாதிருக்க. தங்கள் உலைக்களத்து நெருப்பு அவியாதிருக்க. நீர்முகத்துறை நாட்டில் மூன்று அரசர்க்குச் சாவி சுமந்த பண்டாரத் தலைவி நங்கையாள், அரசர் ஆணையால் எழுதுவிக்கும் ஓலை இது.

கொதித்தெழுந்தவர் தங்கள் தூதர் குன்றங்கிழார். பதில் சொன்னவள் எம் மடைப்பள்ளிக்காரி சிறுகாளி. கொள்ளு வைத்து இழிவு செய்தார்கள் என்று தூதர் பந்தியிலிருந்தே தங்களுக்கு ஆளை ஓட்டினார். மீதியை அந்த ஆள் அறியான். ஆதலின் மன்னர் கேட்டருள்க.

எம் நாட்டில் குடிசையாயினும் அரண்மனையாயினும், பிள்ளைக்குப் பதினோரு வயது நிறைந்தால் ஒரு மாதத்து அடுக்களைச் செலவு அதன் கையில். வாரத்துக்கு ஒன்றாக நான்கு முடிச்சுக் காசு, மேலாடை நுனியில் முடிந்து தரப்படும். பிள்ளை வாங்கி வந்ததையே வீடு முழுதும் உண்ணும். ஒருவரும் புத்தி சொல்லலாகாது. ஒரு காசும் கூட்டலாகாது. கூட்டினால் மாதம் பாழ். முடிச்சு மாதம் முடிக்காத அரசிளங்குழவி அரியணை ஏறுவதும் இல்லை.

இளவரசி தாழை முதல் வாரத்திலேயே மூன்று முடிச்சை அவிழ்த்துவிட்டாள். பலாப்பழம், கொம்புத்தேன், தோழியர் இருபது பேருக்கு விருந்து. அரசர் விரலை நக்கி உண்டார். எட்டாம் நாள் தடவிப் பார்த்தபோது எஞ்சியிருந்தது ஒற்றை முடிச்சு. யாரிடமும் போய் நிற்கவில்லை. கடைத்தெருவை இருமுறை சுற்றினாள். எல்லாவற்றிலும் மலிவாய்க் கிடந்த கொள்ளினை, ஊரில் இருந்தது முழுவதும் மூட்டை மூட்டையாக வாங்கிப் போட்டாள். அன்று தொட்டுக் காலையில் கொள்ளு, மாலையிலும் கொள்ளு. இருபதாம் நாள், உப்புக்கு இரும்பு மாற்றும் உடன்படிக்கையோடு தூதர் வந்து அமர்ந்தார்.

கொள்ளுக் கஞ்சியைக் கண்டு, முத்திரை வைக்கமாட்டேன் என்று அவர் எழுந்துவிட்டார். இருநூறு ஊரின் ஏர்முனை அந்த இரும்பை நம்பியிருந்தது. அரசரின் கண் பண்டாரத் தலைவியை நாடிற்று; அவளும் சாவியை எடுத்து இளவரசி முன் வைத்தாள். தாழை அதைத் தொடவில்லை. பண்டாரத் தலைவியை நோக்கிச் சொன்னாள்.

“எடுத்துக்கங்கம்மா. அதைத் தொட்டா என் மாசமே பொய்யாயிடும்.” பிறகு தூதர் பக்கம் திரும்பினாள். “பெரியவரே, கொள்ளு வாங்குனது நான். உங்க குதிரை என்ன தின்னுது?”

“நெல்லு! கோட்டை வாசல்ல மூட்டை ஆறு காசுன்னு வாங்கினோம். ஊர்க் கொள்ளு மொத்தத்தையும் யாரோ வளைச்சுட்டாங்களாமே!”

“ஆறா? மூணுக்கு மேல போகாதே! நல்லா ஏமாத்தியிருக்காங்க.”

சிறுகாளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்கிட்ட நாலு மூட்டை கொள்ளு மீதி இருக்கு. ரெண்டு உங்க குதிரைக்கு. நெல்லுல ஒரு மூட்டை எனக்கு. சாயங்காலம் உங்களுக்குச் சோறு.”

“மூணு மூட்டை கொடு.”

“கொடுத்தா மாசக் கடைசியில எங்கப்பா பட்டினி. ரெண்டுதான்.”

தூதர் அரசரைப் பார்த்தார். அரசர் கஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் தூதரின் மீசை துடித்தது. அப்புறம் பந்தியே அதிரச் சிரித்தார். பொழுது சாய்வதற்குள் நெல் குத்திச் சோறாயிற்று. அதன்மேல் ஊற்றிய ரசமும் கொள்ளுதான். அவரே கேட்டு வாங்கிக் குடித்தார். உடன்படிக்கையில் முத்திரையும் விழுந்தது.

ஆகவே இவ்வோலையில் மன்னிப்பு என்னும் சொல்லை எழுத அரசர் இசையவில்லை. பண்டாரத் தலைவிக்கும் கை வரவில்லை. எம் பந்தியில் கொள்ளு வைத்தால், எம் பிள்ளை தன் காசில் வாங்கியதைத் தங்களோடு பகிர்ந்தோம் என்று கொள்க. உப்பு வண்டிகள் வளர்பிறையில் மலையேறும். தங்கள் கணவாய்க் காவலர் வழி விடுக. இது அரசர் ஆணை, நண்டு முத்திரை சாட்சி.

முத்திரை காயுமுன் ஒரு வரி கூட்டச் சொன்னவரும் அரசரே. உப்பளங்களைப் பார்த்து முடித்துத் தூதர் நேற்று விடைபெற்றார். அன்றோடு மாதமும் நிறைந்தது, ஒரு காசும் கூட்டாமல். அவர் ஏறி அமர்ந்ததும் தாழை கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டாள். அவர் குதிரையைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். கேள்வி தங்களுக்கே உரியது:

“உங்க இளவரசருக்கு முடிச்சு மாசம் எப்போ?”