ஜெலட்டின் இல்லாத கிறிஸ்துமஸ்

நவம்பர் 29, 1981, ஞாயிறு

அட்வென்ட் முதல் ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாலு வாரம்தான். ஆராதனை முடிந்ததும் நானும் தங்கை ஐவியும் மோண்டா மார்க்கெட் போய் ஆரஞ்சு வாங்கினோம். நாக்பூர்ப் பழம் வந்து குவிந்திருக்கிறது. வழக்கம்போல ஐவிதான் பேரம். "நரம் நக்கோ பாய், தோல் கெட்டியா இருக்கணும்" என்று தமிழையும் உருதுவையும் சேர்த்துப் பிசைந்து பேசினாள். அவனும் புரிந்துகொண்டு பொறுக்கிக் கொடுத்தான்.

மார்ஷ்மலோவுக்குத் தோல்தான் முக்கியம் என்பது அம்மாவின் சட்டம். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு டிரைவரின் மனைவி அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்த, பஞ்சு மாதிரி இழுபடும் பலகாரம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த என் அம்மா கனகமணிக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாது, "மாசுமல்லி" என்பாள். ஜெலட்டினை ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்து, கொதிக்கிற பாகை நூலாக ஊற்ற வேண்டும். ஊற்றும்போதே இன்னொரு ஆள், முட்டை நுரைக்க அடிக்கிற கைப்பிடி பீட்டரைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றுவது அப்பா. ஒர்க்‌ஷாப்பில் பாய்லர் வேலை பார்த்த கை. காக்கிச் சட்டையோடு வந்து உட்கார்ந்தால் மஞ்சள் தண்ணீர் வெள்ளை வெளேரென்று பொங்கி வரும்வரை நிறுத்த மாட்டார். நானும் ஐவியும் ஆரஞ்சுத் தோலைப் பல் மாதிரி வெட்டி வாயில் மாட்டிக்கொண்டு அவரைச் சிரிக்க வைக்கப் பார்ப்போம். அவர் சிரித்தால் கை நிற்கும். அம்மா கரண்டியோடு எங்களைத் துரத்துவாள்.

அவர்கள் போனபின் நான் ஊற்றுகிறேன், ஐவி சுற்றுகிறாள்.

பஸ்ஸில் ஐவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். "என்னட்டி?" என்றேன். "ஒண்ணுமில்லக்கா."

டிசம்பர் 2, புதன்

ஒண்ணுமில்லையாம்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னாள். அவளோடு குஷாய்குடா ஃபேக்டரியில் டிராயிங் செக்‌ஷனில் இருக்கிறாரே ஜகதீசன் — பஸ் ஸ்டிரைக் நடந்தபோது அவளை ஸ்கூட்டரில் அல்வாலில் எங்கள் வீடு வரை கொண்டுவந்து விட்டவர், மனைவியை இழந்தவர், லால்குடிக்காரர் — அவர் கேட்டிருக்கிறார்.

"என்ன கேட்டாரு?"

"கல்யாணம் பண்ணிக்கலாமான்னு."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னுட்டேன்க்கா."

குழாயை மூட மறந்து நின்றேன். என்னிடம் அவள் கேட்கவில்லை. சொல்கிறாள்.

டிசம்பர் 3, வியாழன்

தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

டிசம்பர் 5, சனி

பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்குக் கேரல் பாட்டு சொல்லிக் கொடுக்கையில் ஹார்மோனியத்தில் இரண்டு முறை தப்பு விட்டேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

என்ன பிடிக்கவில்லை எனக்கு? அவர் இந்து என்பதா? பாதிரி ஐயர் கோயிலில் கல்யாணம் நடத்தி வைக்க மாட்டார், ரிஜிஸ்தர் ஆபீஸ்தான் — அதுவா? சபையில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்பதா? இதையெல்லாம் எழுதிப் பார்த்தால் எல்லாமே கொஞ்சம் பொய்யாக இருக்கிறது.

அவ போயிட்டா இந்த வீட்ல எனக்கு யாரு இருக்கா? அதான். அத எப்படி வாய விட்டுச் சொல்றது? நாப்பத்திரண்டு வயசுல அவளுக்கு ஒரு நல்லது வருது, நான் போயி என் தனிமையச் சொல்லவா?

டிசம்பர் 6, ஞாயிறு

சண்டை.

அவளாகத்தான் சமாதானத்துக்கு வந்தாள். "ஆரஞ்சு வாடுது, இன்னைக்குப் போட்ருவோமாக்கா?" என்றாள். எனக்கும் இளகியது. ஜெலட்டின் பொட்டலத்தை எடுத்தேன்.

"அது வேண்டாம்க்கா. எலும்புல எடுக்கிறதாம். அவரு சைவம். கிறிஸ்துமஸுக்கு ஒரு துண்டாவது சாப்பிடணும்ல? வேற எதாச்சும் போட்டுப் பார்ப்போம்."

அவ்வளவுதான் சொன்னாள். நான்தான் — "அம்மா பண்ணினது அவருக்கு ஆகாதோ? இன்னும் வரவே இல்ல, அதுக்குள்ள என் அடுப்படியில அவரு சட்டமா? ஒன் வீட்டுக்குப் போயி என்ன வேணா மாத்திக்கோ" என்று கத்தினேன்.

"இதுவும் என் வீடுதானேக்கா" என்றாள். அழவில்லை. போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

டிசம்பர் 9, புதன்

பள்ளிக்கூடத்திலிருந்து சீக்கிரம் வந்து தனியாகப் போட்டேன். அம்மா பண்ணின மாதிரியே, ஜெலட்டின் போட்டு. யாருக்கு நிரூபிக்க?

ஒரு கையால் பாகை ஊற்றி மறு கையால் பீட்டரைப் பிடித்தால் அதை யார் சுற்றுவது? வட்டைப் பாத்திரத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு முயன்றேன். பாகு மணிக்கட்டில் ஒட்டி வெந்தது. பாத்திரத்தில் கிடந்தது கட்டி கட்டியான ஆரஞ்சுப் பசை.

ஐவி வேலையிலிருந்து வந்தாள். பாத்திரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கையக் காட்டு" என்றாள். மருந்து தடவித் துணி சுற்றினாள். பசையைச் சுரண்டிக் கொட்டிப் பாத்திரத்தை ஊறப் போட்டாள்.

சிறு வயதில் எனக்கு அம்மை போட்டபோது ஜன்னலுக்கு வெளியே முக்காலி போட்டு நின்று, ஒர்க்‌ஷாப் சங்கு ஊதும்வரை எனக்குப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவள் இவள். அப்போதும் நான்தான் "சும்மா இருட்டி" என்று விரட்டியிருப்பேன்.

டிசம்பர் 12, சனி

ஐவி சாமான் வாங்கப் போயிருந்த நேரத்தில் ஜகதீசன் வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அவள் ஃபேக்டரியில் மறந்துவிட்ட குடையைக் கொடுக்க வந்தாராம். குடைக்காக ஒருவர் குஷாய்குடாவிலிருந்து அல்வால் வருவாரா?

டீ கொடுத்தேன். பாதி குடித்ததும், "டீச்சர், உங்க மேல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்லைங்க. அதச் சொல்லத்தான் வந்தேன்" என்றார்.

"எதுக்கு வருத்தம்?"

"ஐவி சொல்லலீங்களா? திங்கக்கிழமையே வந்து, வேண்டாம்னு சொல்லிட்டாங்க. எங்கக்கா தனியா ஆயிடுவா, என்னால முடியாதுன்னாங்க. நானும் சரின்னுட்டேன். கட்டாயப்படுத்துற விஷயம் இல்லையே."

திங்கட்கிழமையே. அப்படியானால் புதன்கிழமை என் கைக்குத் துணி சுற்றும்போது — எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துதான் சுற்றியிருக்கிறாள். ஒரு முகச்சுளிப்பு இல்லை.

அவர் எழுந்து செருப்பை மாட்டினார். இவரை என்ன சொல்லி நிறுத்துவது? மன்னிப்பா கேட்பது? என் வாயில் வந்தது இதுதான்:

"நீங்க முட்டை சாப்பிடுவீங்களா?"

திகைத்துப்போனார். வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "கேன்டீன்ல ஆம்லெட் சாப்பிடுவேங்க. ஊர்ல அம்மாவுக்குத் தெரியாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்.

"கிறிஸ்துமஸ் அன்னைக்கு மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்திருங்க" என்றேன். "ஐவிகிட்ட நான் பேசிக்கிறேன்."

டிசம்பர் 13, ஞாயிறு

கோயிலிலிருந்து வந்ததும் சைனா கிராஸ் பொட்டலத்தைப் பிரித்தேன். ஐவி அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள்.

"என்னக்கா பண்ற?"

"கடற்பாசி. இதுல எலும்பு கிடையாது. நின்னு பார்க்காத, முட்டைய ஒடச்சு வெள்ளைய மட்டும் எடு."

"முட்டையா? அவரு..."

"ஆம்லெட் திங்கிறாராம். ஒனக்கே தெரியாதா?"

அப்படியே நின்றாள். பிறகு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். சண்டையன்று அழாததையும் சேர்த்து. "ஒன்ன யாருட்டி எனக்காக வேண்டாம்னு சொல்லச் சொன்னா?" என்று நானும் அழுதேன். கடற்பாசி அடிப்பிடித்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து.

அவள் முட்டை வெள்ளையை நுரைக்க அடித்தாள். நான் ஆரஞ்சுச் சாற்றைச் சுண்டவைத்து, சர்க்கரையும் கரைந்த கடற்பாசியும் சேர்த்துப் பாகாக்கி ஊற்றினேன். துருவிய தோலும் கொஞ்சம் எலுமிச்சையும். ஜெலட்டின் மாதிரி காத்திருக்காது இது, ஆறுவதற்குள் இறுகுகிறது. அவசர அவசரமாகத் தட்டில் வழித்துப் போட்டோம்.

மாலையில் வெட்டினோம். பஞ்சு மாதிரி இழுபடவில்லை. கடித்ததும் மெத்தென்று உடைந்து கரைந்து, கடைசியில் தோலின் லேசான கசப்பு நின்றது.

"அம்மா பண்ணின மாதிரி இல்லக்கா."

"இல்லதான்."

ஆளுக்கு இன்னொன்று எடுத்துக்கொண்டோம்.

டிசம்பர் 25, வெள்ளி

ஜகதீசன் வெள்ளைச் சட்டையில் வந்தார். ஏழு துண்டு சாப்பிட்டார். காலையில் கோயிலில் இரண்டு அம்மாக்கள், சாப்பாட்டுக்கு வரும் விருந்தாளி யாரென்று விசாரித்தார்கள். "என் தங்கச்சியக் கட்டிக்கப் போறவரு" என்றேன். நினைத்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை.

ஜனவரி 18, 1982, திங்கள்

ரிஜிஸ்தர் ஆபீஸ். சாட்சிக் கையெழுத்து நான். ஐவி அம்மாவின் பச்சைப் பட்டு உடுத்தியிருந்தாள்.

ஜனவரி 21, வியாழன்

பழக்கத்தில் இரண்டு டம்ளர் எடுத்து வைத்தேன்.

பிப்ரவரி 7, ஞாயிறு

வீடு இவ்வளவு பெரியதா? ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். நிறுத்தினேன். லாலாகுடா குவார்ட்டர்ஸில் நாலு பேருக்கு ஒரே அறை. ராத்திரி யார் புரண்டாலும் எல்லாருக்கும் தெரியும்.

மார்ச் 14, ஞாயிறு

ஆராதனை முடிந்து குஷாய்குடாவில் ஐவி வீட்டுக்குப் போனேன். வெயில் ஆரம்பித்துவிட்டது, பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம். சாப்பிட்டுவிட்டு, ஐவி அறையில் சும்மா சாய்ந்தேன். எப்போது தூங்கினேனோ தெரியவில்லை.

விழிப்பு வந்தபோது ஜன்னலை யாரோ மூடி, ஃபேனைக் குறைத்து வைத்திருந்தார்கள். அடுப்படியில் ஜகதீசனின் தணிந்த குரல் கேட்டது.

"குக்கரை இப்ப வைக்காத. விசில் அடிச்சா அக்கா எந்திரிச்சிடுவாங்க."

கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருந்தேன்.