இரண்டு படிவங்கள்

அன்புள்ள கப்பல்காரருக்கு,

வீட்டுக்காரி எழுதுவது. நானும் மகளும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். தமிழை நீங்கள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பீர்கள் என்பதால் குண்டு குண்டாக எழுதுகிறேன். கம்பெனி ஆபீஸில் கொடுத்தால் சனிக்கிழமை துறைமுகத்தில் உங்கள் கையில் சேர்ந்துவிடுமாம்.

புதுப் பள்ளியில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. அதில் ஒன்பது நாளாக அவள் அங்கே வாயே திறக்கவில்லை. பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குகிறாளாம்.

தமிழ்ப் பிரிவா, உங்கள் மொழிப் பிரிவா என்று அம்மாவுக்கு ஒன்றும் அப்பாவுக்கு ஒன்றுமாகப் படிவம் கொடுத்தார்களே, நினைவிருக்கிறதா? கப்பலேறும் முன்பே உங்களுடையதை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள், தமிழ் என்று. மகாராஜா, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நானும்தான் சொல்லவில்லை, அது வேறு விஷயம். பெரிய தியாகி மாதிரி உங்கள் மொழியை எழுதிக் கொடுத்துவிட்டு, நீங்கள் வந்து பார்த்துப் பூரித்துப்போவீர்கள் என்று காத்திருந்தேன்.

ஆபீஸ் கிளார்க் இரண்டையும் எடுத்துக்கொண்டு நேராக வகுப்புக்கே போயிருக்கிறார். உங்க வீட்டுல ஆளுக்கொண்ணு எழுதியிருக்காங்களே, நீ யாரு பக்கம் என்று எல்லார் முன்னாலும் கேட்டாராம். பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அந்த மனுஷனைப் பார்த்து நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வந்தேன். ஆனாலும் எந்தப் பிரிவு என்று திங்கட்கிழமைக்குள் அவள் வாயால் பதில் வராவிட்டால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும் என்று தலைமையாசிரியை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நேற்று அவள் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, அப்பாவுக்காக நானும் எனக்காக அப்பாவும்தான் அப்படி எழுதினோம் என்று சமாதானம் சொன்னேன். அதற்கு அவள், அப்பா என்னை உன் பக்கம் தள்ளிட்டாரு, நீ அப்பா பக்கம் தள்ளிட்டே, அப்ப நான் யாருக்குத்தான் வேணும் என்று கேட்டாள். சட்டைக் காலர் தீய்ந்துபோனது.

நீ எனக்கு வேணும்டி என்று பிறகு எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். கதவைச் சாத்திக்கொள்கிறாள். என்மேல்தான் தப்பு, உங்கள்மேலும்தான்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது எந்தப் பிரிவு என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அவள் எதைச் சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். நீ எனக்கு வேணும் என்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் மொழியில் சொல்லுங்கள், தமிழிலும் சொல்லுங்கள். ஒருத்தர் மட்டும் சொன்னால் அவள் நம்ப மாட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போனைக் கையிலேயே வைத்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி