பாலக்கரைக்காரி

இன்று காலை எனக்கு ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினார்கள். பஞ்சில் கிராம்பு எண்ணெய் தொட்டுப் பள்ளத்தில் வைத்து, அழுத்திக் கடித்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். ரத்தமும் கிராம்பும் ஒன்றாகத் தொண்டையில் இறங்கின. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பல்வலி என்று நினைத்து மகள் வெந்நீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். பாலக்கரை வீட்டில் உன் தலையணையிலும் உன் முந்தானையிலும் நாள்கணக்கில் கிடந்த வாசனை அது. அவளிடம் சொன்னால் அவளும் அழுவாள். அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

பிழைக்கப் போன நான் கொழும்பிலேயே நாற்பது வயதைத் தாண்டினேன். புறக்கோட்டையில் ஜவுளிக்கடை வேலை. நீ ராகமைப் பக்கத்துச் சிங்களத்துப் பெண். மாதா கோயிலில் பார்த்தோம், அங்கேயே கல்யாணமும் ஆயிற்று. உன் வீட்டிலும் என் வீட்டிலும் ஒரே மாதிரித் திட்டினார்கள். வெள்ளவத்தையில் ஒரு சந்துக்குள் சின்ன வீடு பிடித்தோம், மகள் பிறந்தாள். காலையில் தேங்காய்ச் சம்பல் இடிக்கும் சத்தம், மாலையில் செபமாலை, நடுவில் நம் சண்டை. நன்றாகத்தான் இருந்தோம்.

சண்டை பெரும்பாலும் என் நாக்குத் திமிரால் வந்தது. எனக்கு ழகரம் சுத்தமாக வரும். எங்கள் திருச்சிப் பாலக்கரையில் பாதிப் பேருக்கு வராது. அதனாலேயே எனக்குத் தலைக்கனம். தேங்காய் துருவும் உன் முன்னால் உட்கார்ந்துகொண்டு நாக்கை மடி, இன்னும் மேலே மடி என்று உயிரை எடுப்பேன். "கோழியை அடிச்சுக் குழம்பு வைக்கத் தெரியுது, கோழின்னு சொல்ல வரலையே" என்று கேலி செய்வேன். நீ விடமாட்டாய். "முதல்ல நீங்க வாளிக்குச் சிங்களத்துல சொல்லுங்க பாப்போம்" என்பாய். பால்திய. அந்த முதல் எழுத்தை நம் எழுத்தில் எழுதவே முடியாது. உதட்டை அழுத்தி அடித்தொண்டையிலிருந்து எடுக்கவேண்டும். நான் 'வால்திய' என்பேன். நீயும் மகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள். கடைசியில் உனக்கு ழ வந்துவிட்டது. எனக்கு அந்தப் 'பா' வரவே இல்லை.

ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் அதே சொல்லைத் தூக்கிக்கொண்டு, தமிழர்களைத் தேடிச் சந்துக்குள் ஒரு கூட்டம் வந்தது. மே மாதம், மாதாவின் வணக்க மாதம். நல்ல வெயில். கையில் கத்தி, கழி, பெட்ரோல் தகரம். முதலில் எதிரே இருந்த சுருட்டுக்கடைக்காரரை இழுத்துப் போட்டார்கள். யாழ்ப்பாணத்து மனிதர், யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்காதவர். குழாயடியில் கிடந்த வாளியைக் காட்டி, இது என்ன, சொல் என்றார்கள். அவர் பதற்றத்தில் 'வால்திய' என்றார். சட்டை மேலே பெட்ரோலை ஊற்றினார்கள். "அம்மா" என்று அவர் கத்தியதை நீயும் கேட்டாய். அம்மாவைச் சிங்களத்திலும் அம்மா என்றுதானே சொல்கிறீர்கள். அது அந்தப் பயல்களுக்கும் புரிந்திருக்கும்.

அடுத்து நம் வாசல். என் காலரைப் பிடித்து இழுத்து, அதே வாளியைக் காட்டினான் ஒருவன். அவன் கத்தியில் காய்ந்த ரத்தம் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் நீ வெளியே வந்தாய். அந்த வாளித் தண்ணீரை அப்படியே அவன் முகத்தில் வீசினாய். பிறவி ஊமையைப் பிடித்துக்கொண்டு பேசு பேசு என்கிறாயே, உன்னைப் பெற்றவள் உனக்குச் சோறுதான் போட்டாளா என்று சிங்களத்தில் நீ போட்ட கூச்சலில் அவன் பின்வாங்கினான். நான் ஊமையாகவே நின்றேன். கப்பல் ஏறும்வரை ஊமையாகவே இருந்தேன். தலைமன்னாரில் கப்பல் நகர்ந்தபின், "இப்பப் பேசலாங்க" என்றாய். நான் உன் கையைப் பிடித்துக் கடித்தேன். ஏன் கடித்தேன் என்று இன்றுவரை தெரியாது, நீயும் கேட்கவில்லை.

தனுஷ்கோடியில் இறங்கிப் போட் மெயில் ரயிலில் ஏறித் திருச்சிக்கு வந்தோம். பாலக்கரையில் வாடகை வீடு, மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையில் மறுபடியும் முழம்போடும் வேலை. எனக்கு ஊர் திரும்பியாயிற்று. உனக்கு அப்போதுதான் வெளிநாடு ஆரம்பம். வீட்டுக்குள்கூடச் சிங்களம் பேசாதே என்று சொல்லிவைத்தேன். மகளைத் திட்டுவதைக்கூடத் தமிழில் திட்டப் பழகினாய். கேட்டவர்களிடம் கொழும்பில் கட்டினேன் என்று மட்டும் சொன்னேன். ஆனால் நம்மைப்போல அடிபட்டு ஓடிவந்தவர்கள் அந்தத் தெருவிலும் இருந்தார்கள். அதில் ஒருவன், வெந்துபோன இடது கையில் துணி சுற்றிக்கொண்டு டீக்கடையிலேயே கிடப்பான். கொழும்பில் அவன் கடையும் போயிற்று, தம்பியும் போனான். தெருவில் ஒரு சிங்களத்தி இருக்கிறாள் என்று யாரோ அவன் காதில் போட்டுவிட்டார்கள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் நீ பித்தளைக் குடத்தோடு குழாயடியிலிருந்து வந்தாய். நான் கடையில் இருந்தேன். நடந்ததை எனக்குச் சொன்னது பக்கத்து வீட்டு ராவுத்தரம்மா. ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறார்.

"எந்த ஊரு நீ?" என்று வழியை மறித்தானாம்.

"இந்த ஊருதாங்க."

"அப்படியா? வாளப்பளம்னு சொல்லு பாப்போம்."

அங்கே தம்பியைக் கொன்ற விளையாட்டை அவன் இங்கே கொண்டுவந்துவிட்டான். கேட்கிற பயலுக்கே ழ வரவில்லை. நீ பயப்படவில்லையாம். பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்று, நான் சொல்லிக்கொடுத்தபடி நாக்கை நன்றாக மடித்து, "வாழைப்பழம்" என்றாயாம். அப்பழுக்கில்லாமல், இரண்டு ழகரமும் முழுசாக.

அவன், கூட நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தானாம். "இம்புட்டுச் சுத்தமா இந்தத் தெருவுல எவ பேசுறா? இவதாண்டா அவ." உன் இடுப்புக் குடத்தைப் பிடுங்கி, தண்ணீரோடு உன் வாயில் ஓங்கி அடித்தான். விழுந்தபின் இன்னொரு தரம் அடித்தான். பற்கள் நாக்கில் இறங்கிவிட்டன. ராவுத்தரம்மாதான் ஓடிவந்து உன்மேல் விழுந்து மறைத்தார். "பொம்பளப் புள்ளயப் போட்டு அடிக்கிறான், மரம் மாரி நிக்கிறீங்களே" என்று அவர் கத்தியது எங்கள் கடைத்தெரு வரைக்கும் ஆள் வழியாக வந்து சேர்ந்தது.

நான் வந்தபோது உன் வாய்க்குள் அவருடைய துப்பட்டியைச் சுருட்டி வைத்திருந்தார். வெள்ளைத் துணி, வெள்ளை தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் நாக்கைத் தைத்தார்கள், உடைந்த பற்களை எடுத்தார்கள், பள்ளங்களில் கிராம்பு எண்ணெய்ப் பஞ்சு வைத்தார்கள். உன்னை வீட்டில் படுக்கவைத்துவிட்டுக் கதவின் குறுக்குக் கட்டையை உருவிக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். அவன் துணி சுற்றிய கையைப் பார்த்து அந்தக் கையிலேயே அடித்தேன். "அம்மா" என்றான். மறுபடி அடித்தேன். எலும்பு உடையும் சத்தம் கேட்டபின்னும் அடித்தேன். பிடித்து இழுத்தவர்களையும் அடித்தேன். அவன் ஊரைவிட்டே போனான். பாவம், அவனும் தம்பியை இழந்தவன் என்று பிற்பாடு பங்குச்சாமியார் சொன்னார். இருக்கட்டும் சாமி என்றேன். எனக்கு அதில் இன்றுவரை வருத்தமில்லை. மன்னிப்பு எல்லாம் உன் இலாகா.

ரத்தத்தோடு வீடு வந்தவனை நீ ஏற இறங்கப் பார்த்தாய். ஒன்றும் பேசமுடியாது உன்னால். சட்டையைக் கழற்றி ஊறவைக்கும்படி கையால் காட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

தையல் ஆறிப் பேச்சு வந்தது. ழ மட்டும் வரவில்லை. நாக்கு மடியவில்லை. அடுப்படியில் தனியாக நின்று நீ சொல்லிப் பார்ப்பதைக் கேட்பேன். வாளை, கோளி, கிளவி. போதும் விடு என்று ஒருநாள் சொன்னேன். கையிலிருந்த அகப்பையை என்மேல் எறிந்தாய். "நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. வராட்டி எப்படி விடுறது?" என்றாய். அகப்பை நெற்றியில் பட்டது. இன்னும் கொஞ்சம் வேகமாக எறிந்திருக்கலாம்.

அடுத்த கோடையில் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனோம். கடலில்லாத ஊரில் உனக்குக் காவிரிதான் கொஞ்சம் ஆறுதல். ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது கோபுரத்துப் பக்கம் ஒரு பழக்கடையில் நின்றாய்.

"வாளப்பளம் சீப்பு என்ன வெலைங்க?" என்றாய்.

பக்கத்தில் வெற்றிலை பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு மாமி, கோயில் கைங்கர்யக்காரர் வீட்டு அம்மாள்போல இருந்தார், உன்னைத் திரும்பிப் பார்த்தார். என் கை தானாக மூடிக்கொண்டது. மாமிதானே என்றெல்லாம் பார்த்திருக்கமாட்டேன்.

"நீங்க பாலக்கரையா?" என்றார். "பேச்சுலயே தெரியறதே. எங்காத்துல பால் ஊத்தறவளும் பாலக்கரைதான், இப்படியேதான் பேசுவா."

நீ பல்லில்லாத வாயை முந்தானையால் மூடிக்கொண்டு, "ஆமாங்க, பாலக்கரைதாங்க" என்றாய்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ சிரித்துக்கொண்டே வந்தாய். "கேட்டீங்களா, பேச்சுலயே தெரியுதாம்" என்று மகளிடமும் என்னிடமும் மாற்றி மாற்றிச் சொன்னாய். எனக்கு அந்த பஸ் கண்ணாடியையெல்லாம் அடித்து நொறுக்கவேண்டும் போலிருந்தது. அதற்கப்புறம் நீ அடுப்படியில் ழ சொல்லிப் பார்ப்பதை விட்டுவிட்டாய். அறுபதுகளின் கடைசியில் காய்ச்சலில் போகும்வரை, தெருவில் யாரும் உன்னை எந்த ஊர் என்று கேட்கவில்லை.

உன் அடக்கத்தன்று கல்லறையில் என்னைச் செபம் வாசிக்கச் சொன்னார்கள். 'நித்திய வாள்வு' என்று வாசித்தேன். வேண்டுமென்றுதான் வாசித்தேன். அன்றிலிருந்து அப்படித்தான் பேசுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை புதிதாக வந்திருக்கிற இளம் சாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஐயா, நல்லா வாசிக்கிறீங்க. தமிழ்ங்கிற வார்த்தையை மட்டும் கொஞ்சம் சுத்தமாச் சொல்லுங்களேன்" என்றார். வராது சாமி என்றேன். வராமலென்ன, இந்தக் கிழட்டு நாக்கு இப்போதும் மடியும். மடிக்கமாட்டேன். அவர் விடாமல், முயற்சி பண்ணினால் வரும், சின்ன வயசில் யாரும் திருத்தவில்லையா என்று கேட்டார்.

எங்க வீட்டுல இப்படித்தான் சாமி பேசுவோம், இது என் பெண்டாட்டி தமிள் என்றேன்.