அக்கரை மணி

சௌமிய வருஷம், ஆனி மாதம், வெள்ளி இரவு.

படுத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை. தாமிரபரணிக்கு அக்கரையில் இருக்கும் பெரிய கல்லூரியின் கிளையாகத்தான் நாங்கள் இத்தனை காலம் இக்கரையில் பாடம் நடத்தினோம். இன்று முதல் சர்க்காரின் தனிக் கல்லூரி. இதற்காக எத்தனை வாசல் ஏறி இறங்கினேன், எத்தனை பேரைப் பகைத்துக்கொண்டேன். நினைத்தது நடந்துவிட்டது. பிறகு எதற்கு இப்படிப் புரளுகிறேன்?

அக்கரை மணி கேட்ட பிறகே எங்கள் மணியை அடிப்பது இதுவரை வழக்கம். எதிர்காற்று வீசினால் சேவகர் சுடலை படித்துறைக்கு இறங்கிப்போய்க் காது கொடுப்பார். இன்று காலையும் இறங்கிவிட்டார். கூப்பிட்டேன்.

"அங்கன இன்னும் அடிக்கலையே ஐயா" என்றார்.

"இனி அங்கன கேட்டு நமக்கு என்னவே? நம்ம கடிகாரத்தைப் பார்த்து அடியும்."

அடித்தார். மாணவர்கள் வகுப்புக்குள் வந்தார்கள், ஆனால் ஒருவனும் உட்காரவில்லை. பெஞ்சுப் பக்கத்தில் நின்றபடி ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்தார்கள். அதட்ட வாயெடுத்தேன், அதட்டினால் போய்விடுவார்களோ என்று விட்டுவிட்டேன். பிள்ளைகள் இங்கேயே நிலைக்காவிட்டால் அடுத்த வருஷம் மறுபடியும் கிளைதான் என்று சர்க்கார் சொல்லியிருக்கிறது. அம்பாசமுத்திரத்துப் பையன்கள் இப்போதே அக்கரைக்கு மாறிப்போகக் கேட்கிறார்கள்.

சற்று நேரம் கழித்துத் தண்ணீர் மேல் அந்த மணி வந்தது. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள்.

அவர்களை என்ன சொல்வது? கையிலிருந்த பாடப் புத்தகத்தை நானும் அப்போதுதான் திறந்தேன்.