மாப்பிள்ளை உட்கார்ந்த இடம்

மே 6

இன்று மாப்பிள்ளை ஆளைப் பிடித்துவிட்டான்! எழுதும்போதே கை துள்ளுகிறது.

கிடங்குக் காவலாளியின் மண்டையை உடைத்துவிட்டு ஓடியவன் தன் தொப்பியை அங்கேயே விட்டுப் போயிருந்தான். காவலாளி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. வேறு சாட்சியும் இல்லை. ஆறு பேரை வரிசையாக நிறுத்தி, மாப்பிள்ளைக்குத் தொப்பியைக் காட்டினேன். முதல் ஆளை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இரண்டாவது ஆளின் காலணியில் ஒரே ஒரு மோப்பம், பிறகு ‘சீ, போ’ என்பதுபோல ஒரு தும்மல். நேராக ஐந்தாவது ஆள் முன்னால் போய் உட்கார்ந்தான். உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான், சங்கிலியை இழுத்தாலும் நகரவில்லை.

இன்ஸ்பெக்டர் என் தோளில் தட்டினார். “வழக்கே உன் நாயோட மூக்குலதாம்மா நிக்குது” என்றார். நாயின் மூக்கு என்றால் என் மூக்கு! மூன்று வருடமாக நான் வளர்த்த மூக்கு!

மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது ஒல்லி. நானும் ஒல்லியும் ஒரே சமயத்தில் இந்த மோப்ப நாய்ப் பிரிவுக்கு வந்தவர்கள். தட்டை முன்னால் வைத்து இரண்டு தரம் கெஞ்சினால்தான் இவன் சோற்றில் வாய் வைப்பான். “இது நாயா, மாப்பிள்ளையா?” என்று ஒல்லி கேட்டான். அப்படியே ஒட்டிக்கொண்டது.

மே 9

வேலை குறைவு. மாப்பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டு ஒரு வீடியோ எடுத்தேன். போனைத் தண்ணீர்க் குழாய்மேல் சாய்த்து வைத்துவிட்டு, வாளிகளை வரிசையாகக் கவிழ்த்தேன். நான் பெல்ட்டைத் தொட்டால் அவன் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் பிஸ்கட். சும்மா விளையாட்டுக்குப் பழக்கியது. மூன்றாவது வாளி அருகே பெல்ட்டைத் தொட்டேன். டக்கென்று உட்கார்ந்தான், திருடனைப் பிடித்த அதே கம்பீரத்தோடு! சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

‘குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் ரகசியம் இதுதான் மக்களே!’ என்று எழுதிப் போட்டுவிட்டேன்.

ஒல்லி பார்த்துவிட்டு, “சீருடையோட போட்டிருக்கே. மேல சொன்னியா?” என்றான்.

“உன் நாய் காலொடிஞ்சு ஓய்வுக்குப் போயிடுச்சுன்னு உனக்குப் பொறாமைடா.”

பாவம், முகம் சுண்டிப் போயிற்று. அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

மே 10

லட்சத்தைத் தாண்டிவிட்டது! லட்சம்! தலைகால் புரியவில்லை.

மே 13

காய்கறிக் கடைக்காரர் “பெல்ட் மேடம்!” என்று கூப்பிட்டுக் கேரட்டைச் சும்மா கொடுத்தார். யாரோ என் வீடியோவுக்குப் பாட்டுப் போட்டிருக்கிறார்கள். வேறு ஒருவர், மனைவி பெல்ட்டைத் தொட்டால் தான் உட்கார்வதுபோல நடித்திருக்கிறார்.

அக்காவும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம். இரண்டு வருடமாக எனக்கு வரன் தேடுகிறாள். இன்று தையல் மெஷினை நிறுத்திவிட்டு, “உலகம் பூரா உன்னைப் பார்க்குது. உனக்கு இவனை விட்டா வேற மாப்பிள்ளையே கிடைக்கலையாடி?” என்றாள்.

“இவன் வரதட்சணை கேக்கலையே அக்கா!”

நாளைக்குப் புது வீடியோ. மாப்பிள்ளைக்குக் கறுப்புக் கண்ணாடி.

ஜூன் 20

நீதிமன்றம். எப்படி எழுதுவது?

எதிர்த்தரப்பு வக்கீல் சுவரில் பெரிய திரை மாட்டச் சொன்னார். அதில் நான் வந்தேன். ஈரக் கால்சட்டை, கவிழ்த்த வாளிகள், இளிப்பு.

“இது நீங்கதானே மேடம்?”

“ஆமா சார்.”

“மேல என்ன எழுதியிருக்கீங்க? கொஞ்சம் சத்தமா வாசிங்க.”

வாசித்தேன். ‘மக்களே’ வரைக்கும், ஒரு சொல் விடாமல்.

“ஆறு பேரை நிறுத்தின அடையாள அணிவகுப்பு அன்னைக்கும் பெல்ட் போட்டிருந்தீங்களா?”

“போட்டிருந்தேன்.”

“ஐந்தாவது ஆள்கிட்ட வந்தப்போ உங்க கை எங்கே இருந்துச்சு?”

சங்கிலி ஒரு கையில். இன்னொரு கை? எனக்கே ஞாபகம் இல்லை! “ஞாபகம் இல்லை” என்றேன். வக்கீல் திரும்பி நீதிபதியைப் பார்த்துச் சிரித்தார். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவருக்கு அவலை அள்ளிக் கொடுத்தவள் நான். பின்வரிசையில் காவலாளி தலைக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் நான் பார்க்கவே இல்லை.

எதுக்குடி போட்டே? யாரு கேட்டா? சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டியேடி.

ஜூன் 21

எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். “அழிச்சு என்னம்மா பண்றது? ஊரே எடுத்து வச்சிருக்கு” என்றார் இன்ஸ்பெக்டர். அனுமதி இல்லாமல் சீருடையில் வீடியோ போட்டதற்கு விளக்கம் கேட்டிருக்கிறார்கள். என்ன விளக்கம் எழுத? மாப்பிள்ளை அழகாக இருந்தான், அதனால் போட்டேன் என்றா?

நீதிபதி ஒரு சோதனை வைக்கச் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளைக்கு உண்மையிலேயே மோப்பம் தெரியுமா, அல்லது என் கையைப் பார்த்து உட்காருகிறவனா? நான் பக்கத்தில் இருக்கக் கூடாது. சங்கிலியை ஒல்லி பிடிப்பான். தோற்றால் வழக்கு போச்சு, நாயும் போச்சு, நானும் போச்சு.

ஜூன் 23

ஒரு பயம், யாரிடமும் சொல்ல முடியாதது. எனக்கே தெரியாமல் அன்றைக்குக் கை போயிருந்தால்? அந்த ஐந்தாவது ஆள் ஒன்றும் செய்யாதவனாக இருந்தால்? என் கை எனக்குத் தெரியாமல் ஒருவனை உள்ளே தள்ளியிருந்தால்?

ஒல்லிக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். தும்மினால் ‘இவன் இல்லை’ என்று அர்த்தம். வால் நின்றால் அவசரப்படுத்தாதே. சோற்றுக்குக் கெஞ்ச வேண்டும்.

“நானா கெஞ்சணும்?”

“மாப்பிள்ளைடா. கெஞ்சித்தான் ஆகணும்.”

அன்றைக்குப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். “எந்தப் பேச்சு?” என்று நடிக்கிறான். நல்லவன்.

ஜூன் 27

ஜெயிச்சுட்டான்! ஜெயிச்சுட்டான்! ஜெயிச்சுட்டான்!

நிதானமாக எழுதுகிறேன். நீதிமன்ற முற்றத்தில் ஆறு பேர். ஆளுக்கொரு கைக்குட்டை கொடுக்க, நீதிபதி தனியறையில் அதில் ஒன்றை எடுத்து உறையில் போட்டார். எது யாருடையது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். “நானும் நிக்கிறேன், என் கைக்குட்டையையும் சேர்த்துக்கோங்க” என்று எதிர்த்தரப்பு வக்கீலே வரிசைக்குப் போனாராம். அவ்வளவு தெம்பு!

என்னைக் குமாஸ்தா அறையில் உட்கார வைத்து ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். காவலுக்கு ஒரு பெண் காவலர். இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டேன், இதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லிவிடக் கூடாது என்று. வெளியே சத்தமே இல்லை. ஒரு தும்மல் கேட்டது. என் பிள்ளையின் தும்மல்! இன்னொரு தும்மல். பிறகு எதுவும் இல்லை.

அப்புறம் முற்றமே கொல்லென்று சிரித்தது.

போச்சு, யார் காலிலாவது ஒன்றுக்கு அடித்துவிட்டான் என்றே நினைத்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு ஒல்லி வந்தான். “வக்கீல்... வக்கீல் முன்னால உக்காந்துட்டான்! ஜட்ஜ் உறையைப் பிரிச்சார். வக்கீலோட கைக்குட்டையேதான்! அந்த ஆள் தள்ளிப் போறாரு, இவன் கூடவே போய் மறுபடி உக்கார்றான்!”

நானும் அந்தப் பெண் காவலரும் கட்டிக்கொண்டு குதித்தோம். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது.

என் கை போகவில்லை! அன்றைக்கும் அவன்தான் கண்டுபிடித்தான், அவனேதான்!

ஜூலை 1

இன்ஸ்பெக்டர் உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னபோதே தெரிந்துவிட்டது.

“நாய் பாஸாயிடுச்சு. ஆனா அது உன் கையில இருக்கிற வரைக்கும், ஒவ்வொரு வழக்குலயும் எவனாவது அந்த வீடியோவைப் போடுவான். ஒவ்வொரு தடவையும் கைக்குட்டை வச்சு நிரூபிச்சுட்டே இருக்க முடியுமா?”

“நான் இல்லாமலே வேலை செய்யுதுன்னு நிரூபிச்சாச்சே சார்.”

“அதைத்தாம்மா நானும் சொல்றேன்.”

நுணலும் தன் வாயால் கெடும். மாப்பிள்ளை இனி ஒல்லியிடம். நான் போக்குவரத்துக்கு. பதவி உயர்வுப் பட்டியலில் இந்த வருடம் என் பெயர் இல்லை. கோபப்படக் காரணம் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. வீட்டுக்கு வந்து அக்கா மடியில் விழுந்து அழுதேன். அவள் வரன் பேச்சே எடுக்கவில்லை.

ஜூலை 2

சங்கிலியைக் கொடுத்துவிட்டேன். மாப்பிள்ளை என்னைப் பார்த்தான். நான் குனியவில்லை. குனிந்திருந்தால் நிமிர்ந்திருக்க மாட்டேன்.

ஜூலை 30

தீர்ப்பு! ஐந்தாவது ஆளுக்குச் சிறை. ஒல்லி போனில் கத்தினான். கடைசியில் அந்த ஆளே ஒப்புக்கொண்டானாம். காவலாளி மாப்பிள்ளையைப் பார்க்க பிஸ்கட்டோடு வந்தாராம். அவனோ இரண்டு தரம் கெஞ்சவிட்டுத்தான் வாங்கினானாம்!

ஆகஸ்ட் 11

விசில் பழகிவிட்டது. நாற்சந்தி நடுவில் நின்றால் நானும் ஒரு ராணிதான். லாரிகூட என் கைக்கு நிற்கிறது!

இன்று மழை விட்டு வெயில் வந்த நேரம், நாய்ப் பிரிவின் ஜீப் வந்து சிவப்பு விளக்கில் நின்றது. ஒல்லி ஓட்டுகிறான். பின்னால் மாப்பிள்ளை, ஜன்னலில் மூக்கு. உள்ளே பட்டாசு வெடித்தது எனக்கு. பத்தே எட்டில் போய்த் தொட்டுவிடலாம்!

ஆனால் ஆள் மாறிய நாய் பழைய ஆளை ஒரு தரம் மோந்துவிட்டால் போதும், புது ஆளின் பேச்சு அதற்குக் காதில் ஏறாது. பட்ட பாடெல்லாம் வீண். அதனால் முதலில் காற்றைப் பார்த்தேன். தேநீர்க் கடையின் புகை ஜீப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. என் வாசனையும் அதோடு போகும், நான் நின்றது தப்பான பக்கம். வண்டிகளுக்கு நடுவே நடந்து ஜீப்பின் மறுபக்கம் போய், முதுகைக் காட்டி நின்றேன். பின்னால் ஒல்லி, “உக்காரு” என்றான். உலோகத் தரையில் நகம் உரசும் சத்தம். உட்கார்ந்துவிட்டான், ஒரே சொல்லுக்கு!

மற்ற மூன்று தெருவையும் நிறுத்தி அவர்களுக்கு வழி விட்டேன். ஜீப் என்னைத் தாண்டிப் போகும்போது காற்றில் நனைந்த நாய் வாசனை வந்தது. மூச்சை நன்றாக உள்ளே இழுத்துக்கொண்டேன். பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள்.