இரண்டு அளவு நூல்கள்

நமுனுகுல,
6.2.1972

அன்புள்ள ஸவாஹிரா ராத்தாவுக்கு,

ரெங்கம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் நலம். நீங்களும் உங்கள் தையல் மெஷினும் நலமா? ஒன்று நின்றால் மற்றதும் படுத்துவிடும் என்பதால் இரண்டையும் சேர்த்தே விசாரிக்கிறேன்.

எங்களுக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. சித்திரையில் இந்தியாவுக்குக் கப்பல். இறங்குகிற இடத்தில் வெயில் மண்டையைப் பிளக்குமாம். இராக்குவுக்கு ஏழு வயதாகிறது, இந்தக் குளிரையும் ஸ்வெட்டரையும் தவிர எதையும் அறியாதவள். என் நீலப் புள்ளி வாயில் சேலையை உங்கள் வீட்டுக்காரர் பாறூக் நானாவின் துணி மூட்டையில் அனுப்புகிறேன். அதில் மெல்லிசாகக் கவுன் தைத்துத் தாருங்கள்.

இரண்டு கவுன் வேண்டும் ராத்தா. இந்தியாவுக்குப் போக மனு எழுதிக் கொடுத்தபோது மூத்தவள் ஜெயலெட்சுமி இருந்தாள் அல்லவா? அதனால் பாஸ்போர்ட்டில் அவள் பெயரும் வந்திருக்கிறது. ஒட்டியிருக்கிற படத்தில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "பேரை வெட்டப் போனா இன்னும் ரெண்டு வருசம் இழுக்கும், இருந்துட்டுப் போகட்டும்" என்று தோட்டத்துக் கிளாக்கர் ஐயா சொல்லிவிட்டார்.

அளவு நூல்களில் தோள், இடுப்பு, முழங்காலுக்கு முடிச்சுப் போட்டு அனுப்பியிருக்கிறேன். வெள்ளை நூல் இராக்குவுடையது. கறுப்பு நூல் ஜெயத்துக்கு. இருந்திருந்தால் இப்போது பத்து வயது. பக்கத்து வீட்டு மாடசாமியின் மகளும் அதே வயதுதான், அவளை நிறுத்தி அளந்தேன். திட்டாதீர்கள்.

உங்கள் தங்கச்சி,
ரெங்கம்மா

*

பதுளை,
15.2.1972

அன்புத் தங்கச்சி ரெங்கம்மாவுக்கு,

திட்டாதே என்று எழுதினால் நான் திட்டாமல் விடுவேனா? ஆனால் இந்தத் தடவை வாய் வரவில்லை.

சேலையை விரித்துப் பார்த்தேன். முன்பக்கம் முழுக்கத் தேயிலைக் குச்சி கிழித்துப் பொத்தலாக இருக்கிறது. முந்தானையும் உள்சுற்றும்தான் தேறும். ஒரு கவுனுக்குத் தாராளம், இரண்டுக்குக் காணாது. இரண்டாக வெட்டினால் பொம்மைக்குத்தான் போடலாம். ஆகவே கேட்கிறேன், எந்த நூலுக்கு வெட்ட?

ஜெயத்தின் கடைசித் தீபாவளிச் சட்டையும் நான் தைத்ததுதான். கக்கத்தில் டேப்பை வைத்தால் கூச்சத்தில் குலுங்கிச் சிரிப்பாள், அளவு நிற்காது. கறுப்பு நூலை மேசையில் வைத்ததிலிருந்து எனக்கு மெஷின் மிதிக்கக் கால் வரவில்லை. உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு வெட்டச் சொல், தங்கச்சி.

உன் ராத்தா,
ஸவாஹிரா

*

நமுனுகுல,
27.2.1972

அன்புள்ள ராத்தாவுக்கு,

கறுப்பு நூலுக்கே வெட்டுங்கள். இராக்கு பழையதைப் போட்டுக்கொண்டு வருவாள்.

மழை இறங்கினால் எங்கள் லயத்து வீட்டுக் கதவு தட்டப்படுகிறது. காற்று என்கிறார் அவர். காற்று அம்மா என்று கூப்பிடுமா? நேற்று இராக்கு தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து, "அக்காவுக்குக் குளிருதாம்மா" என்றாள். அவளுக்கு யார் சொன்னார்கள்? நான் எதுவும் சொல்லவில்லை.

கப்பலடியில் பெயர் கூப்பிடுவார்களாம். உடுத்திக்கொண்டு வர ஒன்றும் வைக்காமல் அவளை எப்படிக் கூப்பிடுவேன்? எல்லோரும் போன பிறகு வெறும் லயத்தில் தனியாக நிற்பாளே. எனக்குத் தாங்கவில்லை ராத்தா.

ரெங்கம்மா

*

பதுளை,
20.3.1972

அன்புத் தங்கச்சிக்கு,

கவுன் தயார். பாறூக் கொண்டுவருகிறார். கறுப்பு நூலுக்குத்தான் வெட்டினேன், உன் சொல்லைத் தட்டவில்லை. ஆனால் தைத்தது வெள்ளை நூலுக்கு. மிச்சத் துணியை இடுப்பிலும் அடியிலும் உள்ளே மடித்து வரிவரியாகத் தைத்திருக்கிறேன். இராக்கு வளர வளர வருஷத்துக்கு ஒரு வரியைப் பிரித்துவிடு. அவளுக்குப் பத்து வயதாகும்போது கவுன் ஜெயத்தின் அளவுக்கு வந்துவிடும். அதுவரை அக்காவின் பங்கு தங்கச்சியின் உடம்போடு ஒட்டிக்கொண்டு இருக்கட்டும்.

அவசரப்பட்டு மடிப்பைத் தொட்டால் நான் பொல்லாதவளாகிவிடுவேன். நூல் இரண்டும் என்னிடம் இருக்கின்றன. அளவு நூலை நான் வீசுவதில்லை.

சுகமாகப் போய்ச் சேருங்கள். உங்களுக்காக அல்லாஹ்விடம் துஆ செய்கிறேன்.

ஸவாஹிரா

*

மண்டபம் முகாம்,
9.5.1972

அன்புள்ள ராத்தாவுக்கு,

வந்து சேர்ந்தோம். மணலும் வெயிலுமாக இருக்கிறது. கவுன் இல்லாவிட்டால் பிள்ளை வெந்திருக்கும்.

நடந்ததை எழுதுகிறேன். இறங்கியதும் ஒரு அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்து, "ஜெயலெட்சுமி" என்று கூப்பிட்டார். அப்போது இராக்கு கையைத் தூக்கி, "இருக்கேங்க" என்றாள். அடுத்து, "இராக்கம்மா" என்றார். கை தூக்க ஆள் இல்லை. "இன்னொரு புள்ள எங்கய்யா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர், "செத்துப்போச்சுங்க" என்றார். அதிகாரி சிவப்பு மையால் இராக்குவின் பெயரை அடித்துவிட்டார்.

இங்கே எல்லாத் தாளிலும் அவள் இப்போது ஜெயலெட்சுமி. நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். உடனே திரும்புகிறாள். கோபிக்காதீர்கள், மடிப்பு எல்லாவற்றையும் பிரித்துவிட்டேன். கவுன் கணுக்காலில் தடுக்குகிறது, ஆனாலும் பின்னாலிருந்து பார்க்க ஜெயமேதான். மனசு நிறைகிறது ராத்தா. பயமாகவும் இருக்கிறது. கவுனைச் சரிசெய்யக் கக்கத்தில் கை வைத்தேன். சிரிக்காமல் மரம் மாதிரி நின்றாள்.

அடுத்த வாரம் திருச்சிப் பக்கம் அவருடைய சொந்தக்காரர்களிடம் போகிறோம். விலாசம் பின்னால் எழுதியிருக்கிறேன்.

ரெங்கம்மா

*

பதுளை,
2.6.1972

ரெங்கம்மா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். பிறகு கோபம் வந்தது. கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

ஒரு பிள்ளையைக் காய்ச்சல் கொண்டுபோனது. மற்றதை நீ கொண்டுபோகிறாய். பசிக்கிறது, குளிர்கிறது என்று அந்தக் குழந்தை இனி யார் பெயரில் உன்னிடம் சொல்லும்?

வெள்ளை நூலை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் நீதான் முடிச்சுப் போட்டாய். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நிறுத்தி, அளந்து பார். அதற்குப் பிறகும் ஜெயம் என்று தோன்றினால் எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

ஸவாஹிரா

*

துவரங்குறிச்சி,
30.7.1972

அன்புள்ள ராத்தாவுக்கு,

நூல் வந்து பல நாள் ஆகிறது. மாடத்தில் வைத்துவிட்டு அந்தப் பக்கமே பார்க்காமல் இருந்தேன். நேற்றுத்தான் எடுத்தேன்.

"இராக்கு, இங்க வா" என்றேன். அவள் பின்னால் திரும்பி யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாள். பிறகு, "நானாம்மா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான் செத்திருக்கலாம்.

அளந்தேன். முழங்கால் முடிச்சு ஒரு விரல் மேலே ஏறியிருக்கிறது. என் பிள்ளை வளர்ந்திருக்கிறாள், நான் பார்க்கவே இல்லை. கக்கத்தில் நூல் பட்டதும் சிரித்தாள். ஜெயம் மாதிரி இல்லை. இவள் மூக்கால் சிரிப்பாள், எனக்கு மறந்தே போயிருந்தது. மடிப்பை நானே திரும்பவும் தைத்தேன். படு கோணல், நீங்கள் பார்த்தால் பிரித்து வீசுவீர்கள். பெயரைத் திருத்த அவர் நாளைக்குத் தாலுகா ஆபீஸுக்குப் போகிறார்.

ஒரே ஒரு உதவி. பாறூக் நானா அடுத்த சம்பள நாளில் துணி விற்க நமுனுகுல போகும்போது கறுப்பு நூலைக் கொடுத்தனுப்புங்கள். எங்கள் லயத்துக்கு மேலே, ஜெயத்தைப் புதைத்த இடத்தில் ஒரு முள்முருங்கை நிற்கிறது. அதன் கிளையில் கட்டிவிடச் சொல்லுங்கள். கட்டும்போது நானா அவளிடம் ஒரு வார்த்தை சொல்லட்டும்: "அம்மா சொல்லிருச்சு, இனி நீ வளர வேணாம்."

உங்கள் தங்கச்சி,
ரெங்கம்மா